ஜோர்ஜ் ஐயா சம்மதித்த கல்யாணம்

"நாடு நிரம்பி வழியுதெண்டு ஜோர்ஜ் ஐயா தொண்டை கிழியக் கத்துறார். நான் இன்னுமொரு ஆளைக் கொண்டுவந்து இறக்கிறதோ? சுமனுக்கு இங்க பிறந்த பிள்ளையாப் பாக்கிறம்!"

லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் தாய் நேசமலர் வீடியோவில் போட்ட சத்தம் கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் மூன்று வேலி தாண்டிக் கேட்டது.

"நாள் வைச்சு, மண்டபமும் எடுத்த பிறகு கதைக்கிற கதையே அக்கா இது? நீங்களும் அகதியாப் போன ஆள்தானே!" பெண்ணின் தாய் சிவனேஸ்வரியும் விடவில்லை.

"நான் வந்தது அப்ப. இப்ப வாறது வேற ஆக்கள்!"

கல்யாணப் பெண் கௌசலாவுக்குச் சுமனை நன்றாகப் பிடித்திருந்தது. அவளோடு மணிக்கணக்காகக் கதைப்பான், தாய்க்கு முன்னால் மட்டும் ஊமை. ஆனால் அவள் இப்போது முறைத்துக்கொண்டிருந்தது அவனை அல்ல. அலுமாரி மறைவில், கமெராவுக்குப் படாமல் குந்தியிருந்த தம்பி நிரோஜனை. அந்த ஜோர்ஜ் ஐயாவே அவன்தான்.

கிளிநொச்சியில் யாரோ நடத்திய வகுப்புக்குப் போய், இணையத்தில் வெள்ளைக்காரருக்குக் கோபம் ஏற ஏறப் பார்க்கிறவர் கூடித் தனக்கு டொலர் ஏறும் என்று படித்து வந்தவன். கணினியிடம் சொல்லி ஒரு வெள்ளைத்தாடி ஆங்கிலேயக் கிழவரின் படத்தைச் செய்வித்து, ஜோர்ஜ் என்று பேரும் வைத்தான். மாட்டுக்குத் தண்ணீர் வைத்த கையோடு வந்திருந்து, "வந்தவர்களைத் திருப்பி அனுப்பு" என்று கிழவர் பேரில் இணையத்தில் எழுதுவான். வீட்டுக்குப் புதுப் பிரிட்ஜ் வந்தபோது அயல் துருவித் துருவிக் கேட்டது. "தம்பி சொப்ட்வெயார்" என்றார் சிவனேஸ்வரி. பாவம், அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். நேசமலரோ அந்தக் கிழவரின் பதிவொன்று விடாமல் கும்பிடுகிற கை போடுகிறவர்.

நேசமலர் போனை வைத்ததும் கௌசலா தம்பியின் காதைப் பிடித்தாள்.

"உன்ர கிழவனை எழுப்படா. பொம்பிளையள் வரலாமெண்டு எழுதச் சொல்லு."

"விசரே அக்கா? இருக்கிற ஆக்களெல்லாம் ஓடிடுவினம்!"

"ஓடட்டும். இல்லாட்டி உன்ர சொப்ட்வெயார் என்னெண்டு அம்மாட்டச் சொல்லிப்போடுவன்."

ஜோர்ஜ் ஐயா எழுதினார்: என் பேரன் ஒரு தமிழ்ப் பெண்ணை மணக்கிறான், தங்கமான பிள்ளை, மணப்பெண்களுக்கு நம் கதவு திறந்திருக்கட்டும். கூடவே ஒரு கல்யாணப் படம். கௌசலா பக்கத்தில் நின்று திருத்தினாள். "இது தாலிக்கொடியே? நாய்ச்சங்கிலி மாதிரிக் கிடக்கு, மாத்து. கிழவனுக்கும் ஒரு வேட்டியைக் கட்டிவிடு."

ஜோர்ஜின் பக்தர்கள் கொதித்தெழுந்தார்கள். துரோகி என்று திட்டித் தீர்த்து, இரண்டே நாளில் கூட்டத்தோடு கலைந்தார்கள். லண்டனில் ஒருவர் மட்டும் உருகிப்போனார்.

"ஜோர்ஜ் ஐயாவே வேட்டி கட்டியிட்டார், நான் என்ன பெரிய ஆளே? கல்யாண நாளை மாத்தாதேங்கோ சிவனேஸ்வரி."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. விசா வந்து கௌசலா லண்டன் போய்ச் சேர்ந்தாள். மாமியார் வீட்டு வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் ஐயா வேட்டியோடு சட்டம் போட்டுத் தொங்குகிறாராம். தூசி தட்டுவது மருமகளின் வேலை.

பிழைப்புப் போன நிரோஜன், "மாமி, என்னையும் ஒருக்கா அங்கால எடுத்து விடுங்கோ" என்று கெஞ்சினான். நேசமலர், "வந்தவர்களைத் திருப்பி அனுப்பு" என்ற ஜோர்ஜ் ஐயாவின் பழைய பதிவொன்றைத் தேடியெடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு அவன் நெடுங்கேணியில் ராஜினி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனான். மாமனாரின் உழவு இயந்திரம் ஓட்டுகிறான். அங்கே சந்தையில் அவனுக்கு இன்னும் பெயர், முரசுமோட்டையால வந்தவன்.