முழங்கால் நோகாத விமானம்

லில்லியன் விமானம் ஏறுவாளா மாட்டாளா என்பதுதான் பனிச்சையடி ஊரில் அந்தக் கிழமை முழுக்கக் கதை. டுபாயிலிருக்கும் மகள் கெரனுக்குத் தலைப்பிள்ளை பிறக்க இன்னும் பதினைந்து நாள். அம்மா பக்கத்தில் வேணும் என்று போனில் அழுகிறாள். லில்லியனோ, சுனாமி கடற்கரையோர டச்பாரில் இருந்த வீட்டையும் தங்கை எறிக்காவையும் கொண்டுபோன நாளிலிருந்து கடலை முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. பஸ் கல்லடிப் பாலத்தின் மேல் ஏறினாலே, கீழே தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொள்வாள். சண்டை முடிந்து ஊருக்கெல்லாம் பாதை திறந்து ஒரு வருஷமாகியும் அவளுக்கு மட்டும் திறக்கவில்லை.

தேற்ற வந்த பக்கத்து வீட்டு லெஸ்டர் வேறு கதையில் இறங்கிவிட்டான். அவனும் அவள் புருஷன் ட்றெவரும் முன்னொரு காலம் டுபாயில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றியவர்கள். இப்போது மேசன் வேலை. வாய் மட்டும் இன்னும் அங்கேதான்.

“போயிங்கில போங்க அக்கா. இரும்புக் குதிர அது.”

“போடா,” என்றான் ட்றெவர். “நூத்தம்பது பேர் போற பிளேன விக்கத்தான் ரெண்டு கம்பனியும் அடிபடுறானுகள். வெல்லுறது எயார்பஸ்தான்.”

“நீ என்ன, அவனுக்கு மருமகனாடா?”

மீன் கழுவிக்கொண்டிருந்த லில்லியன் தலை நிமிராமல் கேட்டாள். “பெட்டி ஏத்துறவனுக்கு எது சுகம்?”

ட்றெவர் தன் வலிக்கும் காலை நீட்டிக்கொண்டான்.

“நாங்க ஏத்தின எயார்பஸ்ஸில பெட்டியெல்லாம் பெரிய தகரக் கூட்டுக்குள்ள அடுக்கி வரும், மெஷின் தள்ளும்,” என்றான் ட்றெவர். “அதே அளவு போயிங்ட வயித்துக்குள்ள முழங்கால்ல நிண்டு ஒவ்வொண்டா அடுக்கோணும். நிமிர ஏலாது.”

லெஸ்டரும் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

“அப்ப ஒங்கட கால் பழுதாப் போனதும் அதுலதானா?” ட்றெவரின் அந்தக் காலுக்குப் பின்னேரம் தோறும் எண்ணெய் தேய்ப்பவள் லில்லியன்தான். “அப்ப நான் எயார்பஸ்ஸிலதான் போவன்.”

போவன் என்றாள்! ட்றெவர் மூச்சுக்கூட விடவில்லை. சத்தம் கேட்டால் அந்தச் சொல் பறந்துவிடும் என்று பயந்தான்.

மூன்றாம் நாள் டிக்கட் வந்தது. விமானம் போயிங். மறைத்துவிடலாம் என்று ட்றெவர் வாசலில் இரண்டு தரம் நடந்தான். மனம் வரவில்லை.

“புள்ள, இது போயிங்தான்.”

லில்லியன் கட்டி வைத்திருந்த பெரிய பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அரிசிமா, கருவாடு, எள்ளுருண்டை எல்லாவற்றையும் வெளியே வைத்தாள். பேரப்பிள்ளைக்குத் தைத்த நாலு சட்டையையும் செபமாலையையும் ஒரு சின்னக் கைப்பையில் போட்டாள்.

“இத மடியில வெச்சிக்குவன். எனக்காக ஒருத்தனும் முழங்கால்ல நிக்க வேணாம்.”

“கடலுக்கு மேலால போகுமே, புள்ள?”

“கண்ண மூடுவன். பாலத்துல மூடலயா?”

ட்றெவர் நோகும் காலை மெல்ல மடக்கி அவள் அருகே உட்கார்ந்து, பையின் சிப்பை இழுத்து மூடிக்கொடுத்தான்.

வேலிக்கு மேலால் லெஸ்டரின் தலை தெரிந்தது. “பாத்தியாடா ட்றெவர், கடைசியில போயிங்தான் வெண்டது!”

“வெண்டது என்ட பேரப்புள்ள,” என்றாள் லில்லியன். “இந்தா, கருவாடு. நீ தின்னு.”