இரவல் பெயர்

காலை ஐந்து மணிக்கு லாரி வந்தது. நாங்கள் நால்வரும் அதற்கு முன்பே கல்லூரி வாசலில் நின்றிருந்தோம்.

லாரி நிறையப் புத்தகங்கள். தாளாளர் ஆதிகேசவனின் மைத்துனர் ஆந்திரப் பக்கம் நடத்தும் கல்லூரியிலிருந்து ஒரு நாளைக்கு இரவல். பல்கலைக்கழக ஆய்வுக்குழு நூலகத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் திருப்பி அனுப்ப வேண்டும். சணல் கயிறு போட்ட கட்டுகள். தோளில் ஏற்றினால் காதோரம் பூஞ்சணம் நாறியது. இரண்டாம் மாடிக்குத் தூக்க வேண்டும். முப்பதாவது கட்டைத் தூக்கும்போது கயல்விழியின் உள்ளங்கை கிழிந்தது. துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டு அடுத்ததைத் தூக்கினாள்.

துளசிங்கம் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தான். "சார், எல்லாம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நம்மளுது ஆர்ட்ஸ் காலேஜ்."

"தலைப்பு தெரியாம, புத்தக முதுகு உள்பக்கம் இருக்கிற மாதிரி அடுக்கச் சொல்லியிருக்காரு தாளாளர்," என்றேன்.

"அப்போ வர்றவங்களும் முதுகைக் காட்டினுதான் நிப்பாங்க போல," என்றான் ஸ்ரீவிஷ்ணு.

இவர்கள் மூவரும் பொருளாதாரத்தில் எம்.ஃபில். மாணவர்கள். பி.ஏ. வகுப்புகளில் பெரும்பாலானவற்றை எடுத்ததும் இவர்கள்தான். கூலி கிடையாது. கல்லூரி அதற்கு வைத்த பெயர் கற்பித்தல் திறன் பயிற்சி. அதற்குப் பொறுப்பாளர் நான், தற்காலிக விரிவுரையாளன். புத்தகம் சுமந்த மூன்று மணி நேரத்தையும் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடமாகப் போட்டு வந்தேன். விடைத்தாள் கட்டியது, விழாவுக்கு நாற்காலி துடைத்தது, தாளாளர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது எல்லாம் அதில் பயிற்சிதான்.

உண்மையான பயிற்சி வேறு விதமாகத் தொடங்கியது. போன ஆண்டு என் மனைவி அம்சா பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எங்காவது உட்கார வேண்டும். கயல்விழி எடுத்த மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அவள் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தாள். பிள்ளைகள் எழுதினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்தவன் தூங்கிவிட்டான். கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் கேட்டாள். "எப்படி சார் இருந்துச்சு?"

"உன் பாடத்துக்கு முழிச்சிருக்கத் தேவையில்ல."

அவள் முகம் கறுத்துப் போனது. மறுநாள் குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை. அவள் ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டில் இரண்டு தறி. "நூல் விலை ஏறிச்சுன்னா உங்க தெருவுல முதல்ல எந்தத் தறி நிக்கும்? ஏன் அது நிக்குது?" என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். ஒரே கூச்சல். முந்தின நாள் தூங்கியவன் எழுந்து நின்று தன் மாமனைத் திட்டினான். மணி அடித்தும் எவனும் போகவில்லை.

பிறகு மற்ற இருவரும் வந்தார்கள். ஒருவர் பாடம் எடுக்க, மற்ற மூவரும் கடைசி பெஞ்சில். முடிந்ததும் தண்ணீர்த் தொட்டி அருகே கூடுவோம். நாங்களாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பாடம் எடுத்தவர்தான் முதலில் பேச வேண்டும், வகுப்பு எங்கே கைவிட்டுப் போனது என்று சொல்ல வேண்டும்.

மணவூரிலிருந்து ரயிலில் வரும் துளசிங்கம் ஒருநாள் சொன்னான். "பத்தாவது நிமிஷமே தடம் பொறண்டுச்சு சார். தெரிஞ்சும் நான் ஓட்டினே இருந்தேன்."

ஸ்ரீவிஷ்ணு மலைக்கோயில் குருக்கள் மகன். மூச்சு விடாமல் பேசுவான். "நீ பாடம் நடத்தலடா, அர்ச்சனை பண்ற. எவன் பேரு என்ன, நட்சத்திரம் என்னன்னுகூட நீ கேக்கல," என்பான் துளசிங்கம். அடுத்த வாரம் ஸ்ரீவிஷ்ணு அறுபது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

புத்தகங்களை அடுக்கி முடித்த அன்று காலை எட்டு மணிக்கு ஆதிகேசவன் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

அறையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மந்தார இலை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் இருந்தது. நெய் கசிந்து அட்டையில் இறங்கியிருந்தது. கயல்விழி அதையே பார்த்தாள். அவளுடைய ஆய்வேடு. தன் தெருத் தறிகளைப் பற்றி இரண்டு வருடம் வீடு வீடாக அலைந்து எழுதியது.

வாயில் பொங்கலோடு, நெய் விரலால் நான்கு அடையாள அட்டைகளை மேஜையில் தள்ளினார். "மாட்டிக்கங்க. குழு மலையில தரிசனத்துல இருக்குது. ஒம்பது மணிக்கு வந்துடும். இன்னிக்கு நீங்கதான் இங்க ப்ரொபசருங்க."

கயல்விழி தன் அட்டையை எடுத்துப் பார்த்தாள். "போட்டோ என்னுது. பேரு டாக்டர் காமேஸ்வரின்னு இருக்குது."

"ஒரு நாள் கூத்துமா. அந்தம்மா ஐதராபாத்துல இருக்குது. சர்டிபிகேட்டு மட்டும் நம்மகிட்ட வாடகைக்கு இருக்குது. சாயங்காலம் கழட்டிக் குடுத்துடு."

"எனக்கு வாணாம் சார்."

"ஏன், டாக்டர்னா கசக்குதா?"

"இந்தப் பேரு ரெஜிஸ்டர்ல இருந்தா இங்க வேலை காலி இல்லன்னு ஆயிடும். அந்த வேலைக்குத்தான் நான் கத்துக்கினு இருக்கேன். அதை நானே அடைச்சிக்கினு நிக்கணுமா?"

ஆதிகேசவன் மெல்லுவதை நிறுத்தினார். "நடத்தக் கத்துக்குடுத்தா எனக்கே பாடம் நடத்துறியா? உன் தீசிஸ் எங்க இருக்குதுன்னு பாத்தல்ல? வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் கையெழுத்து இல்லாம அது யுனிவர்சிட்டி வாசப்படி ஏறாது."

அவர் ஸ்ரீவிஷ்ணுவைப் பார்த்தார். "உன் கார்டுல டாக்டர் ஜோசப்னு போட்டிருக்குது. நெத்தியைத் தொடச்சிக்க நைனா."

ஸ்ரீவிஷ்ணு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க அப்பா இப்ப மலையில அந்தக் குழுக்காரங்க நெத்திக்கு விபூதி குடுத்துனு இருக்கார். ஸ்பெஷல் தரிசனம், நீங்க சொல்லித்தான். அவர் புள்ள கீழ தொடச்சினு நிக்கணுமா?"

அட்டையை மேஜையில் வைத்தான். துளசிங்கமும் வைத்தான்.

"சார், நீங்க சொல்லுங்க," என்று ஆதிகேசவன் என்னிடம் திரும்பினார். "உங்க ட்ரெயினிங்குதானே இதுங்க?"

கயல்விழி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மார்பைப் பார்த்தாள். குனிந்தேன். என் கழுத்தில் அட்டை தொங்கியது. எப்போது மாட்டினேன் என்று தெரியவில்லை. கை தானாக எடுத்து மாட்டியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படி ஓர் ஆய்வுக்குழு முன்னால் வேறு ஒருவன் பெயரில் நின்றேன். அன்று மாலை அம்சாவிடம் அதைச் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த ஆளு வந்தா நீ எங்க நிப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

அட்டையைக் கழற்றி வைத்தேன். "புத்தகம் தூக்கினதைப் பயிற்சின்னு இனிமே எழுத மாட்டேன். இவங்க இங்க என்ன செய்யறாங்களோ அதைத்தான் எழுதுவேன்."

"உனக்கு நாளையிலிருந்து வேலை இல்ல," என்றார். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லி வந்தார்.

"ஆங், சரி."

வெளியே வந்தோம். துளசிங்கம் என் பக்கம் திரும்பினான். "இப்ப இன்னா சார் பண்றது?"

பதில் கயல்விழியிடமிருந்து வந்தது. "நம்ம யாருன்னு எழுதிக் குடுக்கலாம்." நின்றபடியே ஒரு தாளில் எழுதினாள். நாங்கள் ஆசிரியர்கள் அல்ல, ஆராய்ச்சி மாணவர்கள். இங்கே வகுப்புகள் எடுப்பது நாங்களே. அந்த இடங்களுக்கு ஆள் எடுக்க வேண்டும். எங்கள் பயிற்சி பயிற்சியாக இருக்க வேண்டும். எங்கள் ஆய்வேடுகளை எவரும் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கீழே சாட்சியாக நானும் போட்டேன்.

ஒன்பதரைக்கு இரண்டு கார்கள் வந்தன. நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதப் பை. கயல்விழி எதிரே போய்த் தாளை நீட்டினாள். தலைவர் பார்த்தார், வாங்கவில்லை. "இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா," என்று நடந்தார். ஆதிகேசவன் மாலையோடு ஓடிவந்தார். குழுவில் இருந்த ஒரே பெண் மட்டும் தாளை வாங்கி, நின்று முழுக்கப் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"தீசிஸ் கைக்கு வராம நான் இங்கிருந்து போவ மாட்டேன்," என்று கயல்விழி வாசற்படியில் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் ஏறத் தொடங்கியது. காவலாளி தங்கவேல் வந்து, எங்களை எழுப்பச் சொல்லி உத்தரவு என்றான். எங்களை எழுப்பாமல் கேட்டுக்கே திரும்பிப் போனான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வணிகவியல் ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்து பேர், பின்னால் தமிழ்த்துறையிலிருந்து இருவர். அறைக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கழுத்திலும் அட்டை இல்லை.

முன்னால் வந்தவள் ரஞ்சிதம், வணிகவியல் மாணவி. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கயல்விழியிடம் கேட்டாள். "என் தீசிஸும் அந்தாளுகிட்டதான் இருக்குது. இன்னொரு தாளு இருக்குதா?"

"இருக்குது."

"அப்போ நவுந்து குந்துடி."

நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம்.