இரண்டு விரல் ஓரம்

படத்தின் ஓரத்தை வெட்டுவதும் பொய் சொல்வதும் ஒன்றுதான் என்று சிந்துஜா பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு செய்தி இணையதளத்துக்குப் படம் எடுப்பவள். கல்லூரியில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் முதல் பாடமே இதுதான். "எடுத்தது எடுத்ததுதான். கத்தரியத் தொட்டீங்கன்னா வேற வேல பாத்துக்குங்க லா!" பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். இப்படிக் கறாராகப் பேசுகிறவர்களுக்கென்று ஒரு நாள் வராமலா போகும்?

கறார் அவளுக்கு அப்பா வழிச் சொத்து. அப்புத்துரை ஓய்வுபெற்ற சுகாதார இன்ஸ்பெக்டர். ஜெலுத்தோங் கடைகளின் பின்சந்துகளில் முப்பது வருஷம் நடந்தவர். அழுக்குத் தண்ணீர் சொட்டும் குழாயைக் கண்டால் நின்று, சட்டைப் பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை உருவிக்கொண்டே, "ஆற்ற பைப் இது?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'ஆற்ற' என்றால் 'யாருடைய' என்று பொருள். கடைக்காரர்கள் காதில் அது 'ஆற்றுப் பைப்' என்றுதான் விழுந்தது. 'ஆத்துப் பைப்பு வர்றாரு' என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்துவிட்டு அபராதம் கட்டினார்கள்.

அந்த மனிதர் ஓய்வுபெற்றதும் தாசேக் கெலுகோர் பக்கம், ஆற்றோரமாகவே ஒரு விடுமுறை வீட்டைக் கட்டினார். வீட்டுக்குக் கீழே ஆற்றில் அர்ஜுனன் கூண்டு போட்டு மீன் வளர்த்தார். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் மூடியபின் மீனை நம்பிப் பிழைப்பவர். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து வீட்டுச் சில்லறை வேலைகளையும் செய்து கொடுப்பார். அப்பா அவருக்குத் தேநீர் கொடுப்பார், வாசலில் வைத்து.

போன தீபாவளிக்கு அந்த வீட்டில் இருபத்திரண்டு சொந்தக்காரர்கள் மூன்று நாள் தங்கினார்கள். கழிவுத் தொட்டி நிரம்பி மழைத்தண்ணீர் வாய்க்காலில் வழிந்தது. அப்பாவா அசருகிறவர்? குளோரின் தூளை வாளியோடு தூக்கி வந்து தொட்டிக்குள் கொட்டினார். "ஒரு கிருமி மிஞ்சாது," என்றார். மிஞ்சவில்லைதான். மறுநாள் காலையில் அர்ஜுனனின் கூண்டுகளில் மீனும் மிஞ்சவில்லை.

அலறல் கேட்டு சிந்துஜா கேமராவோடு ஓடினாள். இடுப்பளவுத் தண்ணீரில், செத்த மீன்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அர்ஜுனன் நின்றார். "மேல இருக்கிற ஃபேக்டரி தண்ணிதான் தங்கச்சி! நல்லா எடுங்க, ஊரே பாக்கட்டும்!" என்று கத்தினார். அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கினாலும் விடாமல் எடுத்தாள். நீச்சல்குளத்து வாடை மூக்கில் ஏறியதைக் கவனித்தாள்; அதைப் பற்றி யோசிக்கவில்லை. இருந்ததில் நல்ல படத்தைச் சூட்டோடு சூடாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள்.

மடிக்கணினியில் பெரிதாக்கியபோதுதான் படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். இடது ஓரத்தில் அவர்கள் வீட்டுப் பின்சுவர். சுவரடியில் ஒரு பைப். பைப்பிலிருந்து பால்போல வெள்ளைத் தண்ணீர், நேராகக் கூண்டை நோக்கி.

இது வெளியே வந்தால் பினாங்கே சிரிக்கும். எழுபத்தொரு வயதில் அப்பா கோயிலுக்குக்கூடப் போக முடியாது. அந்தத் தொழிற்சாலை மட்டும் யோக்கியமா, அதன்மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதே என்று தனக்குத்தானே வாதாடினாள். தன் மாணவர்கள் யாராவது வகுப்பில் இப்படி வாதாடியிருந்தால் எழுந்து வெளியே போகச் சொல்லியிருப்பாள். கடைசியில் இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினாள். வெட்டியதும் அர்ஜுனன் கச்சிதமாக நடுவுக்கு வந்துவிட்டார். படம் முன்னைவிட நன்றாக இருந்தது.

படம் வெளியானது, ஊர் கொதித்தது. அர்ஜுனன் அந்தப் படத்தையே பதாகையாகப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் மூன்று நாள் கத்தினார். அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டு அங்கே ஒன்றும் இல்லை என்றார்கள். யாரும் நம்பவில்லை. உண்மை தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. அர்ஜுனன் ஃபோன் செய்து "நீங்கதான் எங்க பக்கம் நின்னீங்க தங்கச்சி" என்று சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து இணையதளத்தின் ஆசிரியர் நஜ்வா ஒரு படக் கண்காட்சி வைத்தாள். ஊடகத்தில் நேர்மை அவசியம் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவள். கண்காட்சிக்குப் பெயர், 'கத்தரி படாத படங்கள்'. நடுச்சுவரில் அர்ஜுனனின் படம்தான் என்று முடிவே செய்துவிட்டாள். வேண்டாம் என்று சிந்துஜா இரண்டு தடவை சொன்னாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று நஜ்வா பூரித்துப்போனாள்.

திறப்பு விழாவுக்கு அர்ஜுனன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். அப்பா கோட்டு போட்டு வந்தார். வந்தவர் படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனார்.

"பிள்ளை, என்ர வீடு எங்க?"

"அப்பா, அப்புறம் பேசலாம்."

"என்ன அப்புறம்? எனக்கு அனுப்பின படத்தில வீடு இருந்தது. இவ்வளவு பேர் பாக்கிற இடத்தில என்ர வீட்டை மட்டும் வெட்டிப்போட்டியே!"

வெட்டு என்ற சொல், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த நஜ்வாவின் காதில் விழுந்துவிட்டது. சிந்துஜா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, அப்பா ஃபோனை எடுத்து, முழுப்படம் இதில் இருக்கிறது, இதைப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் நஜ்வாவிடம் நீட்டினார். நஜ்வா ஒரு நிமிஷம் சிந்துஜாவையே பார்த்தாள். பிறகு படத்தைப் பெரிய திரையில் ஏற்றினாள். கூட்டம் திரும்பியது.

அப்பா திரையருகே போய்ப் பெருமையோடு விரலால் காட்டினார். "இதுதான் என்ர வீடு. இது பின்சுவர். இது குசினி ஜன்னல். இது..."

விரல் நின்றது. முப்பது வருஷப் பழக்கம், மூளைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"ஆற்ற பைப் இது?"

கைகூடத் தானாகப் போய்ச் சட்டைப் பையைத் தடவியது.

அர்ஜுனன் சிரித்துக்கொண்டே உதவிக்கு வந்தார். "ஆத்துப் பைப்பு இல்லீங்கையா, உங்க வீட்டுப் பைப்பு. மழத்தண்ணிக்குன்னு நாந்தானே வெச்சுக் குடுத்தேன், மறந்துட்டீங்களா?"

சொல்லிவிட்டு அவரும் திரையைப் பார்த்தார். அன்றைக்கு மழை இல்லை. படத்தில் வெயில் அடித்தது, பைப்பிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து போய்க் கூண்டில் நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அப்பாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"தங்கச்சி, இத நீங்க அன்னிக்கே பாத்தீங்களா?"

ஏதேதோ சொல்ல வந்தது சிந்துஜாவுக்கு. "பாத்தேண்ணே," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அர்ஜுனன் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அதனாலதான் என்னய நடுவுல கொண்டாந்து நிக்க வெச்சீங்களா?"