மூக்கன்

தட்டிலிருந்த பதினோரு வெண்கலக் காசுகளில் எதை எடுப்பது என்று தெரியாமல் அவள் நின்றிருந்தாள். உள்ளறையிலிருந்து அப்பா மறுபடி கேட்டார்.

"பாப்பா, மூக்கன் எங்க?"

மூக்கன் ஒரு ரோமானியச் சக்கரவர்த்தி. நிஜப் பெயர் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. இலைக் கிரீடமும் கிளிமூக்குமாகக் காசில் பக்கவாட்டில் முறைத்துக்கொண்டிருப்பான். அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் நாணயங்களை வகை பிரித்த அப்பா சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் காசு அது. பார்வை போன பிறகும் அந்த மூக்கைத் தடவிவிட்டுத்தான் தூங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை அவள்தான், நல்லது செய்வதாக நினைத்து, அதை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுப் பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். பச்சைக் களிம்பு போயிற்று. மூக்கும் கூடவே போயிற்று. முகத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே களிம்புதான் என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அப்பா கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வந்தாள்.

"வேற ஒண்ணு குடுக்கா. அவருக்குத் தெரியவா போகுது?" தம்பி கிசுகிசுத்தான். "நர்ஸ் சொன்னதக் கேட்டேல்ல? சாயங்காலம் தாண்டாதாம். போற நேரத்துல இது தெரியணுமா?"

நியாயம்தான். வேறொரு சக்கரவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே மண்டியிட்டாள். அப்பாவின் கை காற்றில் துழாவியது. அந்தக் கையை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. பையிலிருந்த மொட்டைக் காசை எடுத்து அதில் வைத்தாள்.

கட்டைவிரல் ஒரு சுற்று வந்தது. நின்றது.

"தேச்சுட்டியா?"

"ஆமாப்பா."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காசில் ஈரக்கை பட்டதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர் அப்பா. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் காசைப் புரட்டினார். பின்பக்கம் அதே சக்கரவர்த்தி, மண்டியிட்ட ஒரு பெண்ணைக் கைகொடுத்து எழுப்புகிற காட்சி. அதிலும் பாதிதான் மிச்சம்.

"இவ இருக்கா," என்றார் விரலால் தேடிப்பிடித்து. "அவன் கை இருக்கா பாரு."

குனிந்து பார்த்தாள். தோளுக்குக் கீழே வழவழப்புத்தான்.

"இல்லப்பா."

அவருடைய இன்னொரு கை போர்வைமேல் ஊர்ந்து வந்தது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

நாலேகாலுக்கு நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"எந்திரிக்கா," என்றான் தம்பி.

முழங்கையில் அந்தப் பிடி இன்னும் தளரவில்லை.