ஆயிரத்து எண்ணூறு மீட்டர்

ரக்ஷிதா மைசூர்பாக்கு டப்பாவைத் திறந்து நீட்டியபோது பிரிஜெட்டுக்குக் கை எழவில்லை.

"எடுத்துக்கோங்க அக்கா. இன்னிக்கு நாலு மணிக்குக் கட்டுரையை அனுப்பறேன். புது இறால், உலகத்துல யாருமே பாக்காதது. அதுவும் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்துல! இதோட சொந்தக்கார இறால் எதுவும் அவ்ளோ கீழ இருந்ததே இல்ல."

பிரிஜெட் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

பெங்களூரில் கடலுயிர்களை ஆராயும் அந்த நிலையத்தில் பிரிஜெட் ஒப்பந்த ஊழியர். விடியுமுன் தங்கவயலில் ரயிலேறி வந்து, செத்த கடலுயிர்கள் மிதக்கும் பாட்டில்களைத் துடைப்பாள், அவை கெடாமலிருக்க ஊற்றிய ஸ்பிரிட் குறைந்தால் நிரப்புவாள். ஜூன் மாதம் ஆய்வுக் கப்பலிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்ததும் அவள்தான். ஏதோ ஒரு மூடி கசிந்து பெட்டியின் அடியெல்லாம் ஈரம். இரண்டு பாட்டில்களின் சீட்டுகள் ஊறிக் கழன்று கிடந்தன. ஒன்றில் ஆழம் 1800 மீட்டர் என்றிருந்தது, மற்றதில் 320. இரண்டு பாட்டிலிலும் விரல் நீளத்தில் ஓர் இறால், நிறம் போய் வெளுத்து. யாரிடமாவது கேட்டிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டாள்.

அதன்பிறகு ஆராய்ச்சியாளர் ரக்ஷிதா, 1800 என்ற சீட்டு ஒட்டிய அந்த ஓர் இறால் மேலேயே ஐந்து மாதம் குனிந்து கிடந்தாள். அதன் கால்களை எண்ணினாள், முட்களை வரைந்தாள். மார்ச்சோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. "இந்தக் கட்டுரை வந்துட்டா வேலை கெடச்சிடும்ப்பா" என்று போனில் சொல்வதை பிரிஜெட் கேட்டிருக்கிறாள். ஆயிரத்து எண்ணூறு என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவாள். கணவன் கிளிஃபர்டிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "வாய மூடிக்கினு இரு. ஒரு எறா எங்க இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்?" அந்த ஆறுதல் இரண்டு நாள் தாங்கியது.

இன்று மூன்று மணிக்கு மேல் பிரிஜெட்டால் பொறுக்க முடியவில்லை. ரக்ஷிதாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

ரக்ஷிதா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "எது எதுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியாது?"

"தெரியாது மேடம்."

"அப்ப சரியாவே ஒட்டியிருக்கலாம் இல்லயா?"

"இருக்கலாம் மேடம்."

"நீங்க என்கிட்ட எதுவும் சொல்லல அக்கா. போய் வேலையைப் பாருங்க."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று பிரிஜெட் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இன்னொருத்தி தலையிலும் ஏற்றிவைத்ததுபோல் இருந்தது. கழுவிய கண்ணாடிக் குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நாலு மணி ஆனது. நாலரையும் ஆனது. அனுப்பியிருப்பாள். நாளை எல்லாரும் கைகுலுக்குவார்கள், மறுபடி இனிப்பு வரும், அதையும் வாங்கித் தின்ன வேண்டும்.

ஐந்தேகாலுக்குப் பையை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரக்ஷிதா கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மடிக்கணினித் திரையில் கட்டுரை அப்படியே திறந்திருந்தது.

"அனுப்ப முடியல அக்கா. கை போகவே மாட்டேங்குது. ஆராவமுதன் சாருக்குப் போன் போடப்போறேன். நீங்க கெளம்புங்க, ரயில் போயிடும். உங்க பேர நான் சொல்லமாட்டேன்."

ஆராவமுதன் அந்தப் பிரிவின் தலைவர். டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்து அவருடையது.

பிரிஜெட் பையைத் தரையில் வைத்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மேடம். நானும் இங்கதான் இருக்கேன்."

ரக்ஷிதா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

"சொல்லும்மா!" குரல் உற்சாகமாக வந்தது. "அனுப்பியாச்சா?"

ரக்ஷிதா போனைப் பார்த்தாள், பிறகு பிரிஜெட்டைப் பார்த்தாள். வெளியே கேட் பக்கம் ஏதோ ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிரிஜெட் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, போனின் பக்கமாக மெல்லக் குனிந்தாள்.