கூலருக்குள் இருந்த குழந்தை

தில்லி முனிர்காவில் நாங்கள் இரண்டு பேர் குடியிருந்த அறையில், குளிர்காலம் முழுக்க மூலையில் கிடந்த கூலரை மே மாதம்தான் தொட்டோம். இரவு டியூட்டி முடிந்து வந்த காலையில், அதன் பக்கங்களில் தண்ணீர் ஊற அடைத்திருந்த பழைய புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த தெரசா அக்கா, "ஏட்டி இன்பராணி, இங்க ஓடி வா" என்று கத்தினாள். பாம்போ என்று துடைப்பத்தோடு ஓடினேன். புல்லுக்குள் என் ரஜாய்ப் போர்வையிலிருந்து திருடிய பஞ்சு. அதன் நடுவே கட்டைவிரல் நீளத்தில், கண் திறக்காத ஓர் அணில் குஞ்சு. முதுகில் ஐந்து கோடு. நம் ஊர் அணிலுக்கு மூன்றுதான் என்று நான் சொன்னது அக்காவின் காதில் ஏறவில்லை.

அக்கா பச்சைக் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எத்தனையோ குறைமாதக் குழந்தைகளைத் தேற்றி அனுப்பியவள். அவளுக்கு இது ஒரு கேஸா? செருப்புப் பெட்டி தொட்டிலானது. மேலே நாற்பது வாட் பல்பு. பேனாவுக்கு மை போடும் ஃபில்லரைக் கொதிக்க வைத்து, பாலில் வெந்நீர் கலந்து, அரை மணிக்கொருமுறை சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். வார்டில் போலவே நோட்டுக் காகிதத்தில் சார்ட் வேறு. நான் சும்மா இராமல், "அம்மா பேரு எழுதலியேக்கா?" என்றேன்.

முறைத்தாள். "தூசி வருது. ஜன்னலச் சாத்து."

ஜன்னல் கம்பியில் ஓர் அணில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அக்கா கைதட்டி, "ஜாவ், ஜாவ்" என்று விரட்டினாள். வார்டு வாசலில் நிற்கும் பெண்களை விரட்டும் அதே குரல். தொற்று வந்துவிடும் என்று பெற்றவளைக்கூட உள்ளே விடமாட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதே வார்டில் வேலை பார்க்கும் நானும் அதிலேயே பழகியவள். எனக்கும் உறைக்கவில்லை. நானே ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

பதினோரு மணிக்குக் குஞ்சு பாலை வாயோரம் வழியவிட்டது. "குடிக்க மாட்டேங்கு இன்பா" என்றாள் அக்கா. குரலில் நர்ஸ் இல்லை. பல்புச் சூட்டிலும் அது துவண்டு கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் அந்த அணில் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு கத்தலுக்கும் அதன் வால் துள்ளியது.

"அக்கா, அது இதோட அம்மாக்கா."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "காலையில இருந்து நாந்தான வெரட்டுதேன்" என்றாள். பிறகு, "தொட்டுட்டம்லா. நம்ம வாடை ஏறிட்டு. இனி சேத்துக்கிடுமா?"

"நம்மகிட்ட இருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்காதுக்கா."

அவளே பல்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்து பெட்டியைத் திண்டில் வைத்தாள். சத்தத்தில் அணில் வேப்பமரத்துக்கு ஓடிவிட்டது. நாங்கள் கட்டிலுக்குப் பின்னால் குந்தினோம். அனல் காற்று முகத்தில் அறைந்தது. அக்கா மாதாவை அழைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தது. பெட்டியை முகர்ந்துவிட்டுத் துள்ளி ஓடியது. அக்கா என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் நெளிந்துவிட்டது. மறுபடி வந்தது. முன்கால்களால் குஞ்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, வயிற்றோரம் கவ்வித் தூக்கியது. அத்தனை நேரம் துவண்டு கிடந்த குஞ்சு அதன் கழுத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. நான் அழுதேவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஜன்னல் கதவை அறைய வந்தது. அக்கா பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள். வாயில் குழந்தையோடு அணில் ஒரு கணம் அவளையே பார்த்தது. பிறகு மரத்தில் ஏறி இலைகளுக்குள் மறைந்தது. கட்டில், தலையணை எல்லாம் மண்.

"சாத்தட்டுமாக்கா?"

"வேண்டாம். இன்னொண்ணு இருக்கோன்னு அதுக்குத் தோணும்லா. உள்ள வந்து பாத்துட்டுப் போவட்டும்."

சொன்னபடியே அது திரும்பி வந்தது. காலிப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடியது. திண்டிலிருந்து அறைக்குள் குதித்தது. தலையெல்லாம் மண்ணாக, அக்கா ஜன்னல் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.