கழித்தது போக மீதி

புற்றுநோய் மருத்துவமனையின் இயக்குநர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நீலமாக ஒளிவிடத் தொடங்கினார். முதலில் காதுமடல், பிறகு கழுத்து, மாதக் கடைசிக்குள் ஆள் முழுக்க. அவர் இருந்தால் கூட்ட அறையில் விளக்குப் போடுவதில்லை. "எல்லாம் உழைப்போட தேஜஸ்" என்று அவரே அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். மருத்துவமனை மலரின் அட்டையில் படம் போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் கதிர் அளக்கும் அளவுக்காரி ஒருத்திதான். அந்த ஒளி யார் வீட்டுச் சொத்து என்று அவளுக்குத் தெரியும்.

கீழ்த்தளத்துக் கதிர்வீச்சு இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால், நிறுத்திய பிறகும் அதன் உலோகத் தலை சில நிமிடங்களுக்குக் கதிரைக் கக்கும். அதை அளப்பது அவள் வேலை. கையடக்கக் கருவி, உள்ளே ஒரு படிகம். கதிர் பட்டால் படிகம் மினுக்கும், கருவி அந்த மினுக்கல்களை எண்ணும். முதலில் தூரத்து நடைக்கூடத்தில் நின்று, எங்கும் எப்போதும் இருக்கிற கதிரைப் பின்னணியாகக் குறித்துக்கொண்டு, இயந்திர அறையில் வரும் எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். மீதி இறங்கும்வரை, பத்து நிமிடம், யாரும் உள்ளே போகக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தாலே இயக்குநருக்கு வயிற்றெரிச்சல். "நடைக்கூடத்துக்கு எதுக்கும்மா ஓடுற? பின்னணியை மெஷின் பக்கத்துலயே எடு" என்று அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் உத்தரவிட்டார். எடுத்தாள், கழித்தாள், சைபர். காத்திருப்பு ரத்து. வாசலில் சாதனைப் பலகை முளைத்தது.

ஓடி முடித்த இயந்திரத்தின் தலையில் கைவைத்து அடுத்த நோயாளிக்கான தகடு மாற்றுகிறவள் அளவுக்காரியின் நாத்தனார். ஐந்து மாதக் கர்ப்பம். அந்தத் தலை சரியாக வயிற்று உயரத்துக்கு வரும்.

"அண்ணி, இன்னிக்கு எவ்வளவு?"

"சைபர்."

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

அளவுக்காரி எழுதிக் கொடுத்த முதல் புகார்க் கடிதம் நிர்வாகக் குழுவுக்குப் போனது, இரண்டாவது உட்குழுவுக்கு. மூன்றாவதற்கு, நேர்மறைச் சிந்தனைப் பயிற்சிக்கு அவளையே அனுப்பினார்கள். கழித்த எண்களோ படியேறி, இயக்குநரின் கதவிடுக்கில் நுழைந்து, ஒவ்வொன்றாக அவர்மேல் படிந்துகொண்டிருந்தன. துப்புரவுப் பணியாளர்கள் இருவர் பார்த்திருக்கிறார்கள். தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாகத்தான் போயின என்றார்கள்.

நாத்தனார் வேறு பிரிவு கேட்டு மனுப் போட்டாள். 'சைபர் உள்ள இடத்தில் பயமெதற்கு?' என்று பச்சை மையில் எழுதித் திருப்பினார் இயக்குநர். அதைப் படித்த அளவுக்காரி கருவியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கூட்ட அறைக்குள் நுழைந்து, அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். கருவி அலறியது. குழுவினர் நாற்காலிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"என்னம்மா கூத்து இது? பின்னணியைக் கழிச்சியா?"

"எங்க எடுக்கட்டும் சார்?"

"எத்தனை தடவை சொல்றது? பக்கத்துலயே எடு!"

பக்கத்திலேயே எடுத்தாள். கழித்தாள். சைபர். நாற்காலி காலியாக இருந்தது, மூக்குக்கண்ணாடி மட்டும் மேசையில். யாரோ எழுந்துபோய் விளக்கைப் போட்டார்கள்.

எல்லாம் இயக்குநரின் உத்தரவுப்படியே நடந்ததென்று குழு பதிவுசெய்தது. அடுத்து வந்த இயக்குநர், நடைக்கூடத்தில்தான் பின்னணி எடுக்க வேண்டும் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டார். கருவி அறைக்குள் வந்தால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறார். கீழ்த்தளத்தில், மூடிய கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.

"அண்ணி, உள்ள எவ்வளவு?"

"இன்னும் இருக்கு. உக்காரு."